நிறுத்தப்பட்ட பழைய ஆண்கள் சென்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய சென்ட் பாட்டில் கைக்கு வந்தவர்களும் சரி, ஒன்றைத் தேடி அலைகிறவர்களும் சரி, கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கொலோன், ஓ த துவாலெத், ஆஃப்டர் ஷேவ் எல்லாவற்றையும் பொதுவாக சென்ட் என்றே சொல்கிறேன். வேறுபாடு முக்கியமான இடத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா போட்டுக்கிட்டிருந்த சென்ட் எங்கேயும் கிடைக்கல. நிறுத்திட்டாங்களா, இல்ல பேரை மாத்திட்டாங்களா?

மூன்றில் ஒன்று நடந்திருக்கும். அடியோடு நிறுத்தியிருப்பார்கள், சில நாடுகளில் மட்டும் விற்பனையை நிறுத்தியிருப்பார்கள், அல்லது பெயரோடு ஒரு வாலைச் சேர்த்து வேறு பாட்டிலில் கொண்டுவந்திருப்பார்கள். 2002இல் வந்த இவ் சாங் லோரானின் எம்7 இந்த மூன்றாவது வகை. 2011இல் அது 'எம்7 ஊத் அப்சொலூ' என்று திரும்பி வந்தது. பெயரில் பாதி ஒன்றுதான், வாசனை அதேதான் என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்வதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தயாரிப்பாளரின் இப்போதைய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடும்போது பாட்டிலில் இருக்கும் முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். 'ஸ்போர்ட்', 'இன்டென்ஸ்' என்று ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு சென்ட்.

நல்லா வித்துக்கிட்டிருந்ததை ஏன் நிறுத்துறாங்க?

ஆடை நிறுவனங்களின் பெயரில் வரும் சென்ட்களில் பலவற்றை அந்த நிறுவனங்கள் தயாரிப்பதில்லை. உரிமம் வாங்கிய பெரிய அழகுப்பொருள் கம்பெனிதான் தயாரிக்கிறது. உரிமம் கைமாறினால் புதிதாக வருகிறவர் பட்டியலை எடுத்து, ஓரளவே விற்பதையெல்லாம் கழித்துவிடுவார். ரசிகர்கள் கொண்டாடும் சென்ட்டும், கம்பெனிக்குக் கட்டுப்படியாகும் அளவு விற்கும் சென்ட்டும் பல நேரம் வேறுவேறு. 1998இல் வந்து, இஞ்சி வாசனைக்காகவே பேசப்பட்ட கூச்சியின் என்வி ஃபார் மென் இன்றும் தேடப்படுகிறது, ஆனால் தயாரிப்பில் இல்லை.

சில சமயம் பிராண்டே விற்கப்பட்டுவிடும். ழான் பட்டூ என்ற பிரெஞ்சு நிறுவனம் 2001இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளிடமும், 2011இல் டிசைனர் பர்ஃப்யூம்ஸிடமும், 2018இல் எல்விஎம்ஹெச்சிடமும் போனது. இத்தனை கை மாறும்போது எது தங்கும்? இவை போக, மூலப்பொருள் அருகிப்போவது, விலை ஏறுவது, சட்டம் தடுப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. சட்டத்தைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முப்பது வருஷப் பழசு. இதெல்லாம் கெட்டுப்போயிருக்காதா?

பாலும் தயிரும் கெடுகிற மாதிரி கெடாது. பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால் என்பதால் கிருமி வளராது. கெடுப்பவை வேறு மூன்று: வெளிச்சம், சூடு, காற்று. இந்த மூன்றும் அண்டாமல் இருந்த பாட்டில் பல பத்தாண்டுகள் தாங்கும். கண்ணாடி அலமாரியில் வெயில்பட நின்றதோ, குளியலறையின் சூட்டிலும் ஈரத்திலும் இருந்ததோ சில ஆண்டுகளிலேயே போய்விடும். அதனால் வயதைக் கேட்பதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

எல்லா வாசனையும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற புளிப்புப் பழ வாசனைகள்தான் முதலில் போகும். அவற்றிலுள்ள லிமோனீன் காற்றோடு சேர்ந்து மாறிவிடும். சந்தனம், பச்சோலி, வெட்டிவேர், பிசின் வகைகள் நெடுங்காலம் நிற்கும். முழுக்கப் புளிப்புப் பழத்தை நம்பிச் செய்த லேசான கொலோனைப் பழசாக வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. கனமான மர வாசனை, தோல் வாசனை உள்ளவற்றைத் தைரியமாகத் தேடலாம்.

திறந்ததும் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி. தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த ஒரு நெடியால்தான் எத்தனையோ நல்ல பாட்டில்கள் சாக்கடையில் கொட்டப்படுகின்றன. நெடி வருவது முதல் வாசனையிலிருந்து. பூசியவுடன் பறந்துபோகும் பகுதி அது. அது கெட்டிருந்தாலும் நடு வாசனையும் அடி வாசனையும் நன்றாக இருக்கலாம்.

சோதனை சுலபம். ஸ்ப்ரே என்றால் முதல் இரண்டு மூன்று அழுத்தல்களைக் காற்றில் விட்டுவிடுங்கள், குழாயிலேயே பல காலம் தேங்கிய திரவம் அது. அப்புறம் மை, மணம் எதுவும் இல்லாத கெட்டிக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, அதன் நுனியில் ஒரு அழுத்தல். உடனே முகராதீர்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை முகருங்கள். கால் மணி நேரத்தில் வார்னிஷ் நெடி அடங்கி, பின்னாலிருந்து லாவெண்டரோ மரமோ எழுந்து வந்தால் பாட்டில் பிழைத்தது. ஒரு மணி நேரம் கழித்தும் டர்பன்டைன், சிக்கெடுத்த எண்ணெய், புளித்த காடி என்று ஏதாவது ஒன்று நின்றால் உள்ளே வரை போய்விட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் அந்தக் காகிதத்தில் மிஞ்சுவதுதான் அந்தச் சென்ட்டின் எலும்புக்கூடு. பழைய சென்ட்டை மதிப்பிட அதைவிட நம்பகமான நேரம் இல்லை.

நிறம் கறுத்துப்போச்சே, அது பரவாயில்லையா?

நிறத்தை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள். வெனிலா மணம் தரும் வனிலின் உள்ள சென்ட் நாளாக ஆகப் பழுப்பாகும். ஆரஞ்சுப் பூ, மல்லிகை வாசனைகளில் வரும் மெத்தில் ஆந்த்ரனிலேட், ஆல்டிஹைடுகள் என்ற வகை வாசனைப் பொருட்களோடு சேர்ந்தாலும் நிறம் ஏறும். இதனால் வாசனை கெட்டது என்றாகாது. வெள்ளைச் சட்டையில் கறை படியும், அவ்வளவுதான். கலங்கியிருப்பதும், உலுக்கினால் துணுக்குகள் மிதப்பதும் அதைவிடக் கவலைக்குரியவை. எதுவானாலும் மேலே சொன்ன காகிதச் சோதனைதான் தீர்ப்பு.

பாட்டில் எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டைப் பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. பார்கோடு கடைகளில் முதன்முதலில் ஸ்கேன் ஆனது 1974இல், பரவலாக மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. பார்கோடே இல்லாத பெட்டி 1980களின் தொடக்கத்தையோ அதற்கு முன்னையோ சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். லிமோனீன், லினலூல், குமரின் என்று நீளமாகப் பொருட்பட்டியல் இருந்தால் அது பெரும்பாலும் 2005ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது. ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி அந்த ஆண்டு மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று காட்டும், மூடி திறந்த டப்பாவின் சின்னமும் அதே காலத்தது.

பாட்டிலின் அடியில் பொறித்த பேட்ச் எண்ணைப் படிப்பது கொஞ்சம் வழுக்கும் வேலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை பழைய குறியீடே திரும்ப வரலாம். எண்ணைக் கொடுத்தால் தேதி சொல்லும் தளங்கள் 2007 என்று காட்டுவது உண்மையில் 1997ஆக இருக்கும். லேபிளில் அச்சான தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பெட்டியின் அமைப்பு எல்லாம் அந்தத் தேதியோடு ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

அதே பேர்ல இப்பவும் விக்குது, ஆனா அந்த வாசனை இல்ல. தண்ணி கலக்குறாங்களா?

தண்ணீர் கலப்பதில்லை, செய்முறையையே மாற்றுகிறார்கள். செலவு ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய ஆண்கள் சென்ட்களைப் பொறுத்தவரை பெரிய அடி விதிகளிலிருந்து வந்தது. 1973இல் தொடங்கிய சர்வதேச வாசனைத் தொழில் சங்கமான இஃப்ரா, எந்தப் பொருளை எவ்வளவு சேர்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று உறுப்பினர்களுக்கு வரம்பு வகுக்கிறது. அதற்கு மேல் அந்தந்த நாட்டுச் சட்டம் இருக்கிறது.

முக்கியமான சாட்சி ஓக்மாஸ். ஓக் மரப்பட்டையில் படரும், கல்பாசியைப் போன்ற ஒரு லைக்கன் அது. ஈரக் காட்டு மண், மை, பழைய மரம் எல்லாம் கலந்த ஒரு இருண்ட வாசனை. 1970கள், 80களின் ஆண்கள் சென்ட்களில் பலவற்றுக்கு அடித்தளமே அதுதான். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்புபவை. 2017இல் வந்த ஐரோப்பிய விதி இவ்விரண்டையும், லைரால் என்ற செயற்கைப் பூ வாசனையையும் தடைசெய்தது. 2019 ஆகஸ்ட் 23 முதல் புதுச் சரக்கில் இவை இருக்கக் கூடாது, 2021 ஆகஸ்ட் 23 முதல் கடையில் இருக்கும் சரக்கிலும் இருக்கக் கூடாது. 2022 மார்ச் 1 முதல் லிலியால் என்ற இன்னொரு செயற்கைப் பூ வாசனைக்கும் இதே கதி. அட்ரனாலும் குளோரோஅட்ரனாலும் நீக்கப்பட்ட ஓக்மாஸ் இப்போதும் கிடைக்கிறது, பயன்படுத்துகிறார்கள். மணம் அதுதான், ஆனால் அந்த இருட்டு குறைவு.

பழசுதான் உசத்தி, புதுசெல்லாம் சக்கை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கைதேர்ந்தவர் திருத்தினால் புதிய செய்முறையும் நன்றாகவே நிற்கும். அடியில் இருந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால்தான், பூசிய ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது.

அப்படின்னா பழசை உடம்புல போட்டா ஆபத்தா?

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தடை சும்மா வரவில்லை. மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி ஒரு காலத்தில் ஆஃப்டர் ஷேவ்களில் சர்வசாதாரணம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போன ஆண்களுக்கு முகத்திலும் கழுத்திலும் தோல் வெந்து தடித்தது தெரிந்த பிறகே அதை விலக்கினார்கள். பழைய பெர்கமாட் எண்ணெயிலும் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்கும் பொருள் உண்டு. இப்போது அதை நீக்கிய எண்ணெயைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று, லிமோனீனும் லினலூலும் காற்றுபட்டு மாறிய பிறகு, புதிதாக இருந்ததைவிட அதிகமாக ஒவ்வாமை தரும். ஆகவே பழைய சென்ட்டைச் சவரம் செய்த முகத்தில் தேய்க்காதீர்கள். முன்கையின் உட்புறம் ஒரு துளி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் சட்டையின் உள்விளிம்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் காகிதத்தில் முகர்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாங்கப் போறேன். போலியான்னு எப்படிப் பாக்குறது?

நிறுத்தப்பட்ட சென்ட்டில் அச்சு அசலாகப் போலி செய்வதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: உண்மையான காலி பாட்டிலில் வேறெதையோ நிரப்புவது. பாட்டில் அசல், பெட்டி அசல், உள்ளே இருப்பது மட்டும் வேறு. காலி பாட்டில்களுக்குக்கூட ஏன் கிராக்கி என்று இப்போது புரியும். திருகு மூடி போட்ட, ஊற்றிப் பூசும் பாட்டில்களில் இது மிகச் சுலபம். ஸ்ப்ரே பாட்டிலில் கழுத்தைச் சுற்றி உலோக வளையத்தை இறுக்கி அடித்திருப்பார்கள். அதைப் பிரித்து மாட்டினால் கீறலோ நெளிவோ தெரியும். வளையத்தை நாலாபுறமும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டியின் பேட்ச் எண்ணும் பாட்டிலின் பேட்ச் எண்ணும் ஒத்துப்போகிறதா, திரவத்தின் மட்டம் வயதுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். நாற்பது வருஷப் பழைய திருகு மூடிப் பாட்டிலில் கழுத்து வரை திரவம் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வாய்ப்பிருந்தால் முழுப் பாட்டிலுக்குப் போகும் முன் சில மில்லி சாம்பிள் கேட்டு, மறுநாள் காலை வரை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

சீல் பிரிக்காததா, பாதி பயன்படுத்தினதா, எது மேல்?

நல்ல இடத்தில் இருந்தது மேல். சீல் பிரிக்காமல் கடை ஜன்னலில் பத்து வருஷம் வெயில் காய்ந்ததைவிட, அலமாரி இருட்டில் பெட்டிக்குள் இருந்த முக்கால் பாட்டில் நூறு மடங்கு தேவலை. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருந்தால் வெயில் பட்டிருக்கிறது. மற்ற எல்லாம் சமமாக இருந்தால் ஸ்ப்ரேயை எடுங்கள், காற்று உள்ளே போவது குறைவு.

மூடி வழியா ஆவியாகி அரை பாட்டில்தான் இருக்கு. ஆல்கஹால் ஊத்தி நிரப்பலாமா?

வேண்டாம். ஆல்கஹாலோடு சேர்ந்து லேசான வாசனைகளும் பறந்துவிட்டன. ஊற்றினால் அவை திரும்பாது, மிஞ்சியதும் நீர்த்துப்போகும். மருந்துக்கடை ஸ்பிரிட்டை ஊற்றினால் அதன் நெடிதான் முன்னால் நிற்கும். மிஞ்சிய திரவம் கெட்டியாக, அடர்த்தியாக இருக்கும். ஒரு துளி தொட்டுப் பூசினாலே போதும். கழுத்தைச் சுற்றிப் பிசின் மாதிரி உறைந்திருப்பதை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மூடி சரியாக உட்காராது.

ஸ்ப்ரே அழுத்தினா வரவே இல்ல. பாட்டிலை உடைச்சு எடுக்கலாமா?

உடைக்காதீர்கள், கண்ணாடித் துகள் கலந்தால் எல்லாம் வீண். மேலே இருக்கும் பொத்தானை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உலர்த்தி மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் துளையில் உறைந்த பிசின்தான் அடைப்பு. அதற்கும் மசியாவிட்டால் அதே அளவுள்ள வேறு பொத்தான் பொருந்தலாம். பாட்டிலை மட்டும் சூடாக்கவே கூடாது, உள்ளே இருப்பது எரியும் திரவம்.

கம்பெனிகிட்ட ஃபார்முலா இருக்குமே. வேற யாராவது அதையே செஞ்சு வித்தா என்ன?

செய்முறை பெரும்பாலும் வணிக ரகசியமாகவே காக்கப்படுகிறது. வாசனைக்குப் பதிப்புரிமை உண்டா என்பதில் நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. 2006 ஜூனில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. மூன்றே நாளில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், லாங்கோமின் த்ரேசோர் வழக்கில், உண்டு என்றது. சாயல் சென்ட்கள் இவ்வளவு தாராளமாகப் புழங்க இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற கருவியில் ஒரு துளியைச் செலுத்தினால் உள்ளே என்னென்ன மூலக்கூறு, எவ்வளவு என்று பட்டியல் வந்துவிடும். அப்படியானால் ஏன் அச்சு அசலாக வருவதில்லை? இயற்கை எண்ணெய் ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான கூறுகள் இருக்கும். எது எந்த எண்ணெயிலிருந்து வந்தது, எந்தத் தரத்து எண்ணெய் என்று பிரிப்பது கடினம். மிகச் சிறிய அளவில் இருப்பவை தப்பிவிடும், ஆனால் மூக்குக்கு அவை தெரியும். போதாக்குறைக்கு, சோதிக்கும் பாட்டிலே மூப்படைந்தது. அதைப் படியெடுத்தால் மூப்பையும் சேர்த்துத்தான் படியெடுப்பீர்கள்.

கம்பெனியே ‘மறுபடி வந்தாச்சு’ன்னு வெளியிடுறாங்க. அதை நம்பலாமா?

அதே வாசனை என்று எண்ணி வாங்காதீர்கள், அதே யோசனை என்று எண்ணி வாங்குங்கள். ழான் பட்டூவின் பட்டூ பூர் ஓம் 1980இல் ழான் கெர்லேயோ செய்தது. 2013இல் திரும்பி வந்தது தோமா ஃபோந்தேனின் கைவண்ணம். ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஃபூழேர் ரோயால் இன்னும் பழைய கதை. 1882இல் பால் பார்க்கே செய்தது, புது வைக்கோல் மணக்கும் செயற்கைக் குமரினைப் பயன்படுத்தி ஒரு வாசனைக் குடும்பத்தையே தொடங்கிவைத்தது. 2010இல் மறுபடி வந்தது. இடையில் போன நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் மூலப்பொருளும் மாறிவிட்டது, விதியும் மாறிவிட்டது. தனியாக எடுத்துக்கொண்டால் இவை நல்ல சென்ட்கள். ஒப்பிடத்தான் கூடாது.

அசல் எப்படி இருந்துச்சுன்னு முகர்ந்து பாக்கவாவது வழி இருக்கா?

இருக்கிறது. பிரான்சின் வெர்சாயில் ஆஸ்மோதெக் என்று ஒரு வாசனைக் காப்பகம் இருக்கிறது. 1990இல் தொடங்கியது, மேலே சொன்ன அதே கெர்லேயோவும் வேறு சில வாசனை வல்லுநர்களும் சேர்ந்து நிறுவியது. வழக்கொழிந்த பல சென்ட்களை மூலச் செய்முறைப்படியே திரும்பச் செய்து வைத்திருக்கிறார்கள், ஃபூழேர் ரோயால் உட்பட. இருட்டறையில், 12 டிகிரி செல்சியஸில், பாட்டிலுக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு. வெளிச்சம், சூடு, காற்று என்று முன்பு சொன்ன மூன்று எதிரிகளுக்கும் ஒரே இடத்தில் பதில். அங்கே காகிதப் பட்டையில் முகரலாம், விலைக்குக் கிடைக்காது.

அதே சென்ட், அதே காலத்து பாட்டில், கெடவும் இல்ல. ஆனா அப்பாகிட்ட வந்த வாசனை வரலையே?

அதிகம் பேர் கடைசியாக வந்து நிற்கும் இடம் இதுதான். நீங்கள் அன்று முகர்ந்தது பாட்டிலை அல்ல. பூசிச் சில மணி நேரம் ஆன பிறகு, ஓரடி ஈரடித் தள்ளி, சவர சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய், ஒருவேளை சிகரெட் எல்லாம் கலந்து வந்த காற்றை முகர்ந்தீர்கள். இப்போது உங்கள் மணிக்கட்டில் மூக்கை வைத்து, பூசிய மறுநிமிடமே முகர்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இன்னொருவரைப் பூசிக்கொள்ளச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து அவர் அறைக்குள் நுழையும்போது கவனியுங்கள். பலருக்கு அப்போதுதான் பிடிபடுகிறது.

உங்கள் மூக்கும் மாறியிருக்கும். வயதாக ஆக முகர்வுத் திறன் குறைகிறது. சில கஸ்தூரி வகைகள் சிலருக்குப் பிறவியிலிருந்தே தெரியாது. தினமும் போடும் சென்ட் போடுகிறவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு முகர்வுக்கு நெருங்கிய தொடர்பு இருப்பதால், மூக்கில் பட்டதும் மனசு துள்ளுகிறது. அந்தத் துள்ளலை வைத்துப் பாட்டில் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதற்குக் காகிதப் பட்டை இருக்கிறது.

கடைசி பாட்டில் இது. போட்டுத் தீர்க்கவா, பத்திரப்படுத்தவா?

போடுங்கள் என்பதுதான் என் கட்சி. பாதி குறைந்த பாட்டிலில் மீதிப் பாதி காற்று. பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும். ஞாபகத்துக்கு வேண்டும் என்றால் இப்போதே 5 மில்லியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, வெளிச்சமும் சூடும் படாத இழுப்பறையில் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். மீதியைத் தாராளமாகப் பூசுங்கள்.